கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம்: வன்னியிலிருந்து போகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியவை

கேள்வி இதுதான்: கிளிநொச்சியில் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிய ஒரு தங்கச்சி, மூன்று பாடமும் சித்தி. இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) அரச பல்கலைக்கழகத்துக்குக் காணுமோ என்று பயம். அயலில் உள்ள போதகர் ஒருவர், வெளிநாட்டில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் இளமாணி படிக்கலாம், கட்டணத்திலும் கழிவு தருவார்கள் என்று சொல்லியிருக்கிறார். போகலாமா, அங்கே என்ன படிப்பிப்பார்கள், வீட்டில் சைவம் என்பதால் இடைஞ்சல் வருமா, திரும்பி வந்தால் இங்கே வேலை செய்ய முடியுமா?

போகலாம் தங்கச்சி. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரையும் படங்களையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பட்டத்தை வைத்து எந்த நாட்டில் தாதியாகப் பதிய முடியும், பயிற்சி எந்த வைத்தியசாலையின் வாட்டில் நடக்கும் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை ஒரு சதமும் கட்டவேண்டாம். பட்டம் கையில் இருந்தும் பதிவு இல்லாவிட்டால் நோயாளிக்கு ஊசி போட முடியாது. தாதியியலும் ஏனைய பட்டங்களும் வேறுபடுகிற இடம் இதுதான்.

வெளிநாட்டுக்கு முன்னால் உள்ளூரை ஒருதரம் ஒழுங்காகப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நான்கு வருடத் தாதியியல் பட்டம் இருக்கிறது, கல்விக் கட்டணம் இல்லை. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே கொழும்பு மாணவியின் புள்ளியை வைத்து உங்களை அளக்கவேண்டாம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் உங்கள் மாவட்டத்துக்குரிய நிரலைப் பாருங்கள். கனபேர் விண்ணப்பத்தில் மருத்துவத்தையும் இன்னும் இரண்டு மூன்றையும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தாதியியலைத் தெரிவு வரிசையில் எழுதாதவருக்குப் புள்ளி இருந்தும் இடம் வராது.

அடுத்த வழி சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இருக்கின்றன. மூன்று வருட டிப்ளோமா, படிக்கும்போதே கொடுப்பனவு, முடித்தால் அரச வைத்தியசாலையில் நியமனம். வர்த்தமானியில் அழைப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டத்தைச் சம்பளத்தோடு படிக்கலாம், அதற்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையமும் உண்டு. குடும்பத்தில் வருமானம் குறைவு, காணியை ஈடு வைத்துத்தான் வெளிநாடு போகவேண்டும் என்ற நிலை என்றால் இந்த வழியைத்தான் சொல்வேன். நேரம் கொஞ்சம் கூட எடுக்கும், ஆனால் கடன் இல்லை, பதிவுப் பிரச்சினையும் இல்லை.

இவை சரிவராவிட்டால், அல்லது நல்ல உதவித்தொகை உண்மையாகவே கையில் இருந்தால், வெளிநாட்டைப் பார்ப்போம்.

கிறிஸ்தவ நிறுவனங்களுக்குத் தாதியியலில் நீண்ட வரலாறு உண்டு, எங்கள் பக்கத்திலும் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். இந்தியாவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909இல் தாதியர் பாடசாலை தொடங்கினார், 1946இல் அங்கே பட்டப்படிப்பு வந்தது. பிலிப்பைன்ஸில் டுமகெட்டேயில் உள்ள சிலிமன் பல்கலைக்கழகம் 1901இல் புரட்டஸ்தாந்து மிஷனரிமார் தொடங்கியது. அமெரிக்காவில் லோமா லிண்டா பல்கலைக்கழகம், அட்வென்டிஸ்ட் என்ற புரட்டஸ்தாந்து சபையினுடையது, 1905இல் தொடங்கியது. வேலூரும் லோமா லிண்டாவும் தங்கள் சொந்த வைத்தியசாலையோடு வளர்ந்தவை. கிறிஸ்தவ நிறுவனம் ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால் இந்த மாதிரி, தனக்கென்று பெரிய வைத்தியசாலை உள்ளதைத் தேடுங்கள். வைத்தியசாலை இல்லாமல் கட்டடமும் ஆய்வுகூடப் பொம்மையும் மட்டும் உள்ள இடத்தில் மாணவிகளை வாடகை பஸ்ஸில் ஏற்றி யாருடையதோ வாட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். முன்னுக்கு நிற்கிறவர் கற்றுக்கொள்வார், மற்றவர்கள் குறிப்பு எழுதிக்கொண்டு வருவார்கள்.

அங்கீகாரத்தில் பெரிய குழப்பம் பெயரில் வருகிறது. இந்தியாவில் கல்லூரி வேறு, பட்டம் தருகிற பல்கலைக்கழகம் வேறு. வேலூரில் படித்தாலும் தாதியியல் பட்டம் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். ஆகவே கல்லூரியின் பெயரைக் கேட்டுவிட்டு நிற்காமல், சான்றிதழின் தலைப்பில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகும் என்று கேளுங்கள். அந்தப் பெயர் சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ இருக்கிறதா என்றுதான் எங்கள் மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். இந்தியாவில் கல்லூரிக்கு இந்தியத் தாதியர் கவுன்சிலின் அங்கீகாரமும் அந்த மாநிலக் கவுன்சிலின் அங்கீகாரமும் வேணும். அமெரிக்கா என்றால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு அங்கீகாரம், தாதியியல் பாடநெறிக்குத் தனியாக இன்னொரு அங்கீகாரம். இலங்கைக்குள்ளேயே ஒரு தனியார் நிறுவனம் பட்டம் தருவதாகச் சொன்னால், 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின்கீழ் பட்டம் வழங்கும் நிறுவனமாக வர்த்தமானியில் வந்திருக்கிறதா, அதில் தாதியியல் பட்டத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். வேதாகமக் கல்லூரி ஒன்று இறையியல் பட்டத்துக்கு அனுமதி பெற்றிருப்பதால் தாதியியல் பட்டமும் தரலாம் என்று ஆகிவிடாது.

பிறகு இலங்கைத் தாதியர் பேரவைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர், நாடு, பாடநெறியின் பெயர், வருடங்கள், விரிவுரை மணித்தியாலம், வைத்தியசாலைப் பயிற்சி மணித்தியாலம் எல்லாம் எழுதி, இந்தப் பட்டத்தோடு வந்தால் பதிவுக்கு என்ன நடைமுறை என்று கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பதிவு வேறு, அரச நியமனம் வேறு. பேரவையில் பதிந்துவிட்டால் சுகாதார அமைச்சு உங்களைக் கூப்பிட்டு கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் வேலை தரும் என்று ஒருவரும் உறுதி சொல்ல முடியாது. தனியார் வைத்தியசாலை, அல்லது வேறு நாடு, இந்த இரண்டையும் கணக்கில் வைத்துத்தான் வெளிநாட்டுப் படிப்புக்கு இறங்கவேண்டும்.

பிலிப்பைன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். படிப்பு ஆங்கிலத்தில், சபை நடத்தும் பல்கலைக்கழகங்களும் நிறைய. ஆனால் அந்த நாட்டுத் தாதியர் சட்டம், தன் பிரஜைகளுக்கு அதே வசதி தருகிற நாட்டவருக்குத்தான் அங்கே உரிமப் பரீட்சை எழுத இடம் கொடுக்கிறது. இலங்கையர் அந்தப் பரீட்சையை எழுத முடியுமா என்பதை விசாரித்துவிட்டுத்தான் போகவேண்டும். பின்னர் ஐக்கிய இராச்சியத்துக்கோ வளைகுடாவுக்கோ விண்ணப்பிக்கும்போது, படித்த நாட்டில் பதிவு இருக்கிறதா என்ற கேள்வி வரும். அங்கேயும் பதிவில்லை, இங்கேயும் பதிவில்லை என்று நடுவில் நிற்கிற நிலை வரக்கூடாது.

இன்னொரு பொறி, இணையவழிப் பட்டம். அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் சில, ஒன்றரை வருடத்தில் வீட்டிலிருந்தே தாதியியல் இளமாணி என்று விளம்பரம் செய்கின்றன. அவை ஏற்கெனவே உரிமம் பெற்ற தாதியர் டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்குப் போவதற்கான பாடநெறிகள். அவற்றில் ஊசி போடவோ பிரசவம் பார்க்கவோ படிப்பிப்பதில்லை. உயர்தரம் முடித்தவருக்கு அதில் இடமில்லை. இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

இந்தியாவுக்கு என்றால் தகுதியை இன்றே சரிபாருங்கள். இந்தியத் தாதியர் கவுன்சில் கேட்பது 17 வயது, பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியலில் சேர்த்து 45 வீதம், ஆங்கிலத்தில் சித்தி. வன்னி மாணவர்களுக்கு இதில் மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது, எங்கள் பாடசாலைகளில் உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கிறவர்கள் கனபேர். அவர்களுக்கு இந்த வாசல் பெரும்பாலும் அடைபடும். இரண்டாவது, எஸ் சித்தி என்பது 35 முதல் 54 வரை. மூன்று எஸ் என்றால் 45 வீதம் தாண்டியதா என்று சான்றிதழைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம், உங்கள் உயர்தரம் இந்தியப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்ற சமநிலைச் சான்றிதழ் எடுத்து, அதைக் கல்லூரி ஏற்கிறதா என்று அனுமதிக்கு முன்பே கேட்கவேண்டும். மூன்றாவது, உயர்தரப் பொது ஆங்கிலம். இசட் புள்ளிக்குச் சேராது என்று எங்கள் பிள்ளைகள் அந்தப் பரீட்சைக்கே போவதில்லை. இங்கேதான் அது கைகொடுக்கும்.

இனிப் படிப்பு. நான்கு வருடம், எட்டு அரையாண்டு. முதல் வருடம் உடற்கூறு, உடற்றொழில், உயிரிரசாயனம், போசாக்கு, உளவியல், சமூகவியல், அதோடு தாதியியல் அடிப்படை. இரண்டாம் வருடம் நுண்ணுயிரியல், நோயியல், மருந்தியல், வளர்ந்தோர் பராமரிப்பு. மூன்றாவதில் பிள்ளைகள், உளநலம், சமுதாய சுகாதாரம். மகப்பேறும் ஆய்வும் வாட்டு நிர்வாகமும் அதற்குப் பின். இந்தியப் பாடத்திட்டத்தில் கடைசி அரையாண்டு முழுக்க 22 கிழமை வாட்டுப் பயிற்சி: வளர்ந்தோர் 6, சமுதாயம், பிள்ளைகள், உளநலம், மகப்பேறு ஒவ்வொன்றும் 4. ஒரு கிரெடிற் என்பது விரிவுரை என்றால் 20 மணித்தியாலம், வாட்டு என்றால் 80 மணித்தியாலம். பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து கிரெடிற்றை மணித்தியாலமாக மாற்றிப் பாருங்கள், எவ்வளவு நேரம் காலில் நிற்கப்போகிறீர்கள் என்று விளங்கும். பரீட்சை எழுத 80 வீத வரவு போதும், ஆனால் பட்டம் கிடைப்பதற்கு முன் வாட்டுப் பயிற்சியில் 100 வீதம் முடிந்திருக்க வேண்டும். டெங்குவோ அம்மைநோயோ வந்து இரண்டு கிழமை விடுபட்டால் விடுமுறையில் நின்று அதை ஈடுசெய்ய வேண்டும். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிற விமானச்சீட்டை முன்கூட்டியே போட்டுவிட்டு அழுகிறவர்கள் உண்டு.

முதல் வருடத்தில் பிள்ளைகள் விழுகிற இடம் உடற்கூறு. தமிழ்மூலத்தில் என்புகளையும் தசைகளையும் நன்றாகப் படித்தவர்கள்கூட, ஆங்கிலத்தில் வாய்மொழிப் பரீட்சை என்றதும் தடுமாறுகிறார்கள். விடை தெரியும், வாயில் வராது. இதற்கு ஒரே மருந்து உரத்து வாசிப்பது. அனுமதி முடிவு வரும்வரை இருக்கிற மாதங்களில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் உடற்றொழிலியல் ஆங்கிலப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்து, மூடிவைத்துவிட்டு அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் மருந்துக் கணக்கு. கணக்கு சின்னது, பிழை பெரிது. 500 மில்லிலீற்றர் சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்றவேண்டும், குழாய்த்தொகுதி ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி என்று வைத்துக்கொள்வோம். 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 துளி. இதில் மாணவர்கள் விடுகிற பிழை இரண்டு. ஒன்று, மணித்தியாலத்தை நிமிடமாக மாற்ற மறப்பது. மற்றது, உறையை வாசிக்காமல் பிள்ளைகளுக்குப் பாவிக்கிற 60 துளிக் குழாயை மாட்டிவிட்டு அதே 42 துளியில் விடுவது. அப்படிச் செய்தால் நோயாளிக்கு மணித்தியாலத்துக்கு 42 மில்லிலீற்றர்தான் போகும், 4 மணித்தியாலத்தில் முடியவேண்டிய போத்தல் 12 மணித்தியாலம் தொங்கும். வயிற்றோட்டத்தில் வாடிப்போய் வந்தவருக்கு அது ஆபத்து.

பாணி மருந்திலும் இதே கதை. 12 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம்படி பரசிற்றமோல் 180 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 என்று இருந்தால் 7.5 மில்லிலீற்றர். அதே அளவை 5 மில்லிலீற்றருக்கு 250 என்று போட்ட போத்தலிலிருந்து எடுத்தால் 375 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கு மேல். பெட்டியின் நிறத்தை நம்பி எடுக்கிறவர் இங்கேதான் மாட்டுவார்.

இந்தியாவில் படிக்கப்போகிறவர் இன்சுலினில் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். அங்கே மில்லிலீற்றருக்கு 40 அலகு உள்ள குப்பி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, அதற்கென்று தனி ஊசிக்குழாய். 100 அலகுக் குப்பி உள்ள இடத்துக்கு வந்து, பழக்கத்தில் 40 அலகுக் குழாயில் 20 என்ற கோடுவரை எடுத்தால் உள்ளே இருப்பது அரை மில்லிலீற்றர், அதாவது 50 அலகு. நோயாளி சீனி இறங்கி மயங்குவார். குப்பியிலும் குழாயிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பதை முதல் வருடத்திலேயே கைப்பழக்கமாக்குங்கள்.

வன்னிக்குத் திரும்பி வரும் எண்ணம் இருந்தால் வெளிநாட்டில் இரண்டு விடயத்தைத் தேடிப்போய்க் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று பாம்புக்கடி. வயலும் காடும் உள்ள மாவட்டங்கள், நெல் வெட்டும் காலத்தில் புடையன் கடியோடு வருவார்கள். அந்தப் பாம்பின் நஞ்சால் இரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு இயந்திரம் தேவையில்லை: சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் அளவு நாள இரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் நிமிர்த்தி வைப்பது, பிறகு ஒரே ஒருமுறை சரித்துப் பார்ப்பது. இரத்தம் ஓடினால் உறையவில்லை. பிளாஸ்டிக் குழாயில் எடுத்தால் நல்ல இரத்தமும் உறையப் பிந்தும், ஏனென்றால் உறைதலைத் தூண்டிவிடுவது கண்ணாடியின் மேற்பரப்பு. சவர்க்காரம் போட்டுக் கழுவிய பழைய கண்ணாடிக் குழாயும் பிழையான விடை தரும். இடையில் ஆட்டி ஆட்டிப் பார்க்கிறவர் பரிசோதனையையே கெடுக்கிறார். வெளிநாட்டுப் பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்ணால் காணாமலே பட்டம் எடுக்கலாம், ஆகவே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மற்றது முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களின் பராமரிப்பு. போரில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் வாழ்கிறவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களைக் கொல்வது பெரும்பாலும் பழைய காயம் அல்ல, படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். குதிக்காலிலோ பிட்டத்திலோ ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் அது புண்ணின் முதல் படி. அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்து அந்த இடத்தின் பாரத்தை எடுத்துவிட்டால் காப்பாற்றலாம். படுக்கையில் இருப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டுவது, சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கால் மணி, அரை மணிக்கொருதரம் கைகளால் உடம்பை உயர்த்தப் பழக்குவது, இவைதான் சிகிச்சை. புனர்வாழ்வுப் பிரிவு உள்ள வைத்தியசாலையில் பயிற்சி கிடைக்கும் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நான் கூடுதல் புள்ளி போடுவேன்.

நோயாளியின் மொழியையும் யோசியுங்கள். ஆங்கிலத்தில் படித்தாலும் நோயாளி பேசுவது அந்த ஊர்ப் பேச்சு. வேலூரில் தமிழ் உதவும், ஆனால் அங்கே வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் கூட்டமாக வருகிறார்கள். பெங்களூரில் கன்னடம், பிலிப்பைன்ஸில் அந்தந்தத் தீவின் பேச்சு. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, சாப்பிட்டீர்களா, ஒவ்வாமை இருக்கிறதா என்ற கேள்விகளையாவது அந்த மொழியில் கேட்கத் தெரியாமல் வாட்டில் ஒன்றும் படிக்க முடியாது.

சமய விடயத்துக்கு வருவோம். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் வேதாகமம் அல்லது கிறிஸ்தவ ஒழுக்கவியல் பாடம் கட்டாயம், அதற்குப் பரீட்சையும் புள்ளியும் உண்டு. சில இடங்களில் காலை ஆராதனைக்கு வரவு எடுப்பார்கள். அட்வென்டிஸ்ட் நிறுவனம் என்றால் வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி மாலை வரை வகுப்பும் பரீட்சையும் இல்லை, விடுதிச் சாப்பாடு பெரும்பாலும் மரக்கறி, நகை போடுவதில் கட்டுப்பாடு. சைவப் பிள்ளைகள் இப்படிப்பட்ட இடங்களில் நன்றாகவே படித்து முடிக்கிறார்கள். பொட்டு, திருநீறு, மூக்குத்தி, கையில் கட்டும் நூல் பற்றிய விதியைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். கையில் நூலும் காப்பும் எந்த வைத்தியசாலையிலும் கழற்றத்தான் வேண்டும், கை கழுவும்போது கிருமி தங்கும் இடம் அது. கழிவு தருகிறோம் என்பதற்காக ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். விசுவாசத்தைக் கட்டணத்தோடு பேரம் பேசுகிறவர்களிடம் பிள்ளையை நான்கு வருடம் விட முடியாது.

கத்தோலிக்க வைத்தியசாலைகளில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கருத்தடைச் சிகிச்சையோ கருக்கலைப்போ செய்வதில்லை. குடும்பக் கட்டுப்பாடு பாடத்திட்டத்தில் இருக்கும், பயிற்சிக்கு வேறு இடத்துக்கு, பெரும்பாலும் அரச சுகாதார நிலையத்துக்கு, அனுப்பவேண்டும். அனுப்புகிறார்களா என்று கேளுங்கள், அந்தப் பயிற்சி விடுபட்டால் பின்னர் பதிவுக்கு மணித்தியாலக் கணக்குக் காட்டும்போது குறையும்.

உதவித்தொகைக் கடிதத்தில் பார்க்கவேண்டியது கழிவின் வீதம் இல்லை, நிபந்தனை. எத்தனை வருடத்துக்கு, எந்தப் புள்ளிக்குக் கீழே இறங்கினால் நிற்கும், முடித்தபின் அவர்களுடைய வைத்தியசாலையில் எத்தனை வருடம் வேலை செய்யவேண்டும், அந்தக் காலத்தில் மூலச் சான்றிதழை யார் வைத்திருப்பார்கள். படிப்பை இடையில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்பதும் எழுத்தில் வேணும். சிபாரிசுக் கடிதம் கேட்டால், கத்தோலிக்கர் பங்குத்தந்தையிடம் எடுக்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு யாழ் மறைமாவட்டத்துக்கும், வவுனியா, மன்னார் மன்னார் மறைமாவட்டத்துக்கும் உரியவை. மற்றவர்களுக்குப் பாடசாலை அதிபரின் கடிதம் போதும் என்று சொல்கிற இடங்களும் உண்டு.

செலவைக் கணக்கிடும்போது முதல் வருடக் கட்டணத்தை நாலால் பெருக்கிவிட்டு இருக்கவேண்டாம். பதிவு, பரீட்சை, விடுதி, சாப்பாடு, சீருடை, காலணி, வாட்டுக்குப் போகும் பஸ், விசாப் புதுப்பிப்பு, வருடத்துக்கு ஒரு பயணம் எல்லாம் தனித்தனி. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 தாண்டியது. அப்போது வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளின் வீட்டார் அதே படிப்புக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு கட்டினார்கள். அப்படி ஒரு ஆட்டம் வந்தாலும் தாங்குமா என்று பார்த்துத்தான் அனுப்பவேண்டும். காசை வங்கி மூலம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அனுப்புங்கள். முகவரின் சொந்தக் கணக்குக்கோ, உண்டியல் என்கிற வங்கிக்கு வெளியிலான வழியிலோ அனுப்பினால் கையில் பற்றுச்சீட்டு இருக்காது, விசா மறுக்கப்பட்டாலும் திரும்பிக் கேட்க ஆதாரம் இருக்காது.

ஆவணங்களில் வன்னிப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட வேலை கூட. இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள், காலங்கடந்து பதிந்தவர்கள், உத்தேச வயதுச் சான்றிதழோடு இருப்பவர்கள் எல்லாரும் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பதிவைச் சரிபார்க்க வேண்டும். பிறகு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, கடவுச்சீட்டு நான்கிலும் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒரு எச் கூடினாலும் நான்கு வருடம் கழித்துப் பதிவுக்குப் போகும்போது பிரச்சினை. கடவுச்சீட்டு எடுக்கும் முன்பே திருத்துவதுதான் மலிவு. தமிழ் ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கி, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே அதற்கு அலுவலகம் உண்டு, கொழும்புக்கு ஓடத்தேவையில்லை. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் இந்தியா போனால், இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும்.

முடித்தபின் ஐக்கிய இராச்சியம் போகும் எண்ணம் உள்ளவர்கள் ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 எடுக்கவேண்டும், பிறகு கணினிப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும். அமெரிக்கா என்றால் என்கிளெக்ஸ் என்ற தாதியர் உரிமப் பரீட்சை. எந்த நாடாக இருந்தாலும் பாடம் பாடமாக மணித்தியாலக் கணக்குக் கேட்பார்கள். பட்டம் வாங்குகிற அன்றே பாடத்திட்டத்தையும் விரிவுரை, வாட்டு மணித்தியால விபரத்தையும் பல்கலைக்கழக முத்திரையோடு இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கிருந்து மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் மாதக்கணக்கில் இழுபடும்.

ஒன்றை மட்டும் அனுமதி முடிவு வரும்வரை காத்திராமல் தொடங்கிவிடுங்கள்: ஹெப்படைற்றிஸ் பி தடுப்பூசி. வாட்டுக்குள் போகுமுன் எல்லா இடத்திலும் கேட்பார்கள். சிறுவயதில் போட்டிருக்கலாம், ஆனால் போர்க்காலத்தில் பிறந்த கனபேரிடம் அட்டை இல்லை. முதலில் இரத்தத்தில் எதிர்ப்பு அளவைப் பாருங்கள், மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகுக்கு மேல் இருந்தால் போதும். இல்லாவிட்டால் மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் மூன்றாவது, அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தப் பரிசோதனை. மொத்தம் ஏழு மாதம் போகும், அனுமதிக் கடிதம் வந்தபிறகு தொடங்கினால் காணாது.